பெயர் சொல்லாத ஜெபம்

ஆறுதல் சொல்வதற்கு என் நண்பனிடம் சான்றிதழ் இருக்கிறது. கண்ணாடிச் சட்டம் போட்டு, வரவேற்பறையில், கல்யாணப் படத்துக்கு ஒரு சாண் மேலே மாட்டியிருக்கிறான். மதியச் சாப்பாட்டோடு நடந்த மூன்று நாள் பயிற்சி அது. துன்பத்தில் இருக்கும் சபையாரை எப்படி ஆற்றுப்படுத்துவது, அவர்கள் ஆத்துமாவை எப்படிப் பராமரிப்பது என்று படித்துவிட்டு வந்தான். வந்த கையோடு படித்ததை எங்கள் சபைக்கும் சொல்லிக்கொடுக்கப் புறப்பட்டான். நீண்ட காலப் பழக்கத்தில் எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. நீச்சல் பழகிய அன்றே மற்றவர்களைத் தண்ணீரில் தள்ளிவிடுகிற சுபாவம் அவனுக்கு.

அந்தப் பேச்சுக்கு உதாரணங்கள் தேடி என்னிடம்தான் வந்தான். நான் அரசாங்கக் கச்சேரியில் கோப்புகளை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்த்திக்கொண்டு, ஞாயிறுப் பத்திரிகைக்கு வேடிக்கைக் கட்டுரை எழுதுகிறவன். சபையில் என்னைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. நன்றாக எழுதுவேன் என்பது ஒன்று. ஆராதனைக்கு ஒழுங்காக வரமாட்டேன் என்பது மற்றது. இரண்டுமே கொஞ்சம் மிகைதான்.

"ஆறுதல் சொல்லப் போறவங்க விடுற பிழைகள் மச்சான். சனம் சிரிக்கவும் வேணும், உறைக்கவும் வேணும்," என்றான்.

சிரிப்புக்கு நான் பொறுப்பெடுத்தேன். வசனத்தை மருந்துக் குளிசை மாதிரி, சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று கொடுத்துவிட்டுப் போகிறவர். "இது ஆண்டவர் வைக்கிற சோதினை" என்று, வினாத்தாளை முதலே பார்த்தவர் போலச் சொல்கிறவர். நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்து தன் ஒப்பரேசன் தழும்பைத் திறந்து காட்டுகிறவர். எல்லாரும் எங்கள் சபையில் உள்ளவர்கள்தான். கூட்டத்தில் அவர்களும் இருந்தார்கள், மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தார்கள்.

கடைசிப் பிழையை மட்டும் அவனே எழுதினான். "ஒருவர் நம்மிடம் சொன்னது நமக்குச் சொந்தமல்ல. அதை ஜெபம் என்கிற பையில் போட்டும் வெளியே கொண்டுபோகக் கூடாது." அதைச் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த நான் மனதுக்குள் கை தட்டினேன்.

அடுத்த வருடம் ஐப்பசி மழை தொடங்குகிற நேரம், என் மனைவி குளித்துவிட்டு வந்து, தலையைத் துவட்டியபடியே, தன் மார்பில் ஒரு கட்டி இருப்பதாகச் சொன்னாள். பருப்பு முடிந்துவிட்டது என்று சொல்கிற குரலில். பிறகு ஆஸ்பத்திரி, படம், ஊசி குத்தி எடுத்த துணுக்கு, காத்திருப்பு. வந்த முடிவு நாங்கள் பயந்ததுதான். ஆரம்ப நிலை, ஒப்பரேசன் செய்யலாம், கொஞ்சம் பொறுத்தும் செய்யலாம், ஆனால் அதிகம் பொறுக்கக் கூடாது என்றார் டொக்டர்.

அவள் கணக்கு வேறு. எங்களுக்கு ஒரே மகள். அவளுக்கு அந்தக் கார்த்திகையில் ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சை. இரண்டு வருடமாக அந்தப் பிள்ளை தூக்கத்தில்கூடத் தாவரங்களின் பெயர்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

"கடைசிப் பேப்பர் முடியட்டும்," என்றாள் மனைவி. "முடிஞ்ச அண்டைக்குப் பின்னேரம் புள்ளையக் கல்லடிக் கடற்கரைக்குக் கூட்டிப் போவன். ஐஸ்கிறீம் வாங்கிக் குடுப்பன். மறுகா நானே சொல்லுவன். நீங்க வரக்கூடாது. உங்கட மூஞ்சியப் பாத்தா அவளுக்கு அரைவாசி விளங்கிரும்."

தன் உடம்பில் நடப்பது எதுவும் தன் கையில் இல்லை என்று தெரிந்தபின் அவள் தனக்கென்று வைத்துக்கொண்டது அந்த ஒரு பின்னேரம்தான். எந்த இடம், எந்த வார்த்தை, எந்த ஐஸ்கிறீம் என்பதுவரை யோசித்து வைத்திருந்தாள்.

ஆனால் என்னையும் அவளுக்குத் தெரியும். "நீங்க ஒருத்தருக்காவது சொல்லுங்க. இல்லாட்டி வெடிச்சிருவீங்க," என்றாள். யாருக்கு என்பதையும் அவளே முடிவு செய்தாள். என் நண்பனை அவள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். "அண்ணனுக்குச் சொல்லுங்க. பேங்கில இருந்த மனிசன். ஆருட கணக்கில என்ன கிடக்கு எண்டு இண்டைக்கு வரைக்கும் அவர்ட மனிசிக்கே தெரியாது. அதோட அவருக்கிட்ட காரும் இரிக்கு."

அப்படியாக, வாவிக்கரையில் மீன் வாங்கப் போன ஒரு காலையில் அவனிடம் சொன்னேன். மழைத்தண்ணீர் ஏறி வாவி கலங்கிக் கிடந்தது. அவன் கையில் செப்பலி மீன் பை. நான் சொல்லி முடிக்கும்வரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்த பிறகும் பேசவில்லை. வசனம் சொல்லவில்லை. சோதினை என்று சொல்லவில்லை. மீன் பையைக் கீழே வைத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் அழுதேன். ஒரு நாய் வந்து பையை முகர்ந்தது. அவன் அதைக்கூட விரட்டவில்லை.

"எப்ப போகணும் எண்டாலும் கார் வரும்," என்றான் கடைசியில். "மத்தது, இது என்னோட இரிக்கும்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம், "மூண்டு நாள் பயிற்சி வீண்போகல்ல," என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். இப்போதும் நினைத்துப் பார்த்தால் கோபம் வருவது அங்கேதான். அவன் அதை அவ்வளவு நன்றாகச் செய்தான்.

பரீட்சை தொடங்கியது. உயிரியல் இரண்டு பேப்பரும் முடிந்து, இரசாயனவியலுக்கு முன் சில நாள் விடுமுறை இருந்தது. அந்த நாட்களில் ஒரு மாலை, சபையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் குடையோடு வந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. பால்மா மாதிரித் தூளாக வரும் மோல்ட் டின் ஒன்று, கூட நாலு அப்பிள். இது எழுதாத சட்டம். சுகமாக இருக்கிறவன் வீட்டுக்குப் போனால் பணிஸ் கொண்டுபோவார்கள், மீன் வைத்த மாலுபாண் கொண்டுபோவார்கள். மோல்ட் டின் கொண்டுபோகமாட்டார்கள். அது படுக்கைக்கு உரியது.

"சும்மா இந்தப் பக்கம் வந்தம்," என்று சொல்லி அந்த அம்மா டின்னை மேசையில் வைத்தார். பிறகு மனைவியின் கையைப் பிடித்தார். பிடித்த கையை விடாமலே மழையைப் பற்றிப் பேசினார். மகள் வந்து வணக்கம் சொன்னாள். அவள் தலையைத் தடவி, "நல்லாப் படி மகள். என்ன வந்தாலும் படி," என்றார்.

"என்ன வரும் அன்ரி?" என்றாள் மகள்.

"மழைதான் மகள். வேற என்ன."

அடுத்த நாள் பாடகர் குழுவிலிருந்து இரண்டு பேர் அப்பிளோடு வந்தார்கள். தேங்காய் வாங்க வந்தார்களாம். எங்கள் ஒழுங்கையில் தேங்காய்க் கடையே இல்லை. அதற்கடுத்த நாள் தழும்பு காட்டுகிற மனிதர் வந்தார். அவருக்கு மனைவியின் முகத்தைப் பார்த்ததும் ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் போல் இருந்தது.

"எங்கட மாமி ஒராளுக்கும் இப்பிடித்தான்," என்று தொடங்கினார். மகள் தேத்தண்ணி கொண்டு வந்தாள். அவர் சட்டென்று திருத்திக்கொண்டார். "இப்பிடித்தான், தடிமன், இருமல். பயந்துதான் போனம். ஆனா கடவுளே எண்டு அதுக்குப் பிறகு இருவது வரிசம் இரிந்தா."

"தடிமனுக்குப் பிறகா?" என்றாள் மகள்.

அவர் தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போனார்.

ஒன்றை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவர்கூட ஒரு வார்த்தை விடவில்லை. பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்பதில் முழுச் சபையும் ஒரே மனதாக நின்றது. இரகசியத்தை எல்லாரும் வாய்க்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, கையில் மோல்ட் டின்னோடு வந்தார்கள்.

அன்றைக்கே மனைவியின் மச்சாளைக் கூப்பிட்டு விசாரித்தேன். அவ ஜெபக்கூட்டம் தவறவிடாதவ. கேட்டதை ஒப்புவிப்பதில் பதிவு செய்யும் கருவிக்கு ஒரு படி மேல்.

"என்னெண்டு தெரியும் எண்டா கேக்கிறீங்க? புதன்கிழமைக் கூட்டத்தில ஜெபிச்சவர் தானே," என்றா.

"பேர் சொன்னவனா?"

"சீச்சீ. பேர் சொல்லல்ல. பேர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரிக்காக எண்டுதான் தொடங்கினவர். நாவற்குடாவில இரிக்கிற சகோதரி எண்டார். ஒரேயொரு பொம்பிளப் புள்ள, இப்ப ஏ.எல். எழுதுது எண்டார். புருசன் பேப்பருக்குப் பகிடி எழுதுறவர், ஊரச் சிரிக்க வெச்சவர் இண்டைக்கு அழுறார் ஆண்டவரே எண்டார். அதில எங்களுக்கும் அழுக வந்திட்டு. மறுகா, இடது பக்கம் எண்டார். புள்ளைக்கு ஒண்டும் தெரியாது, தெரியாமலே சோதினைய எழுதி முடிக்கக் கிருபை செய்யும் எண்டார். ஆமென் சொன்ன மறுகா, ஆர் எண்டு ஒருத்தரும் கேக்கல்ல. கேக்கத் தேவை வரல்ல."

நாவற்குடாவில் பத்திரிகைக்குப் பகிடி எழுதுகிறவன் நான் ஒருவன்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக என் துறையில் போட்டியாளர்கள் இருந்திருக்கலாம் என்று ஆசைப்பட்டேன்.

இடது பக்கம் என்பதை நான் வாவிக்கரையில்தான் அவனிடம் சொன்னேன். அதுவரை மனைவிக்கும் எனக்கும் டொக்டருக்கும் மட்டும் தெரிந்த பக்கம்.

இரசாயனவியலுக்கு முதல் நாள் காலை, மனைவி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மகள் வந்து சுவர்த் தட்டின் மேல் இருந்த டின்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினாள். அப்பிள்களையும் வைத்தாள். நான் வாசலில் பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். என் முகத்தைப் பற்றி மனைவி ஏற்கனவே எச்சரித்திருந்தாள் அல்லவா.

"அம்மா, நம்மட வீட்டில ஆருக்குச் சுகமில்ல?" என்றாள்.

மனைவி பொய் சொல்லியிருக்கலாம். தடிமன் என்று சொல்லியிருக்கலாம். துருவலைப் பக்கத்தில் வைத்தாள், கையைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள். துடைத்து முடிக்க நேரம் எடுத்தாள். அந்த நேரத்துக்குள் கடற்கரையும் ஐஸ்கிறீமும் யோசித்து வைத்த வார்த்தைகளும் எங்கே போயினவென்று எனக்குத் தெரியாது. "எனக்குத்தான் மகள்," என்றாள். "இஞ்ச வா. இரி." தேங்காய்ப்பூ மணக்கிற குசினியில், அரிக்கன்சட்டிக்கும் மோல்ட் டின்னுக்கும் நடுவில் சொல்லி முடித்தாள்.

மகள் அழவில்லை. மேசையில் இருந்த டின்களைப் பார்த்தாள்.

"இவங்க எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும் போல."

"பாட்டுக் குறூப்புக்கும்?"

மனைவி ஒரு டின்னை எடுத்து மூடியை முந்தானையால் துடைத்தாள்.

"எல்லாருக்கும் சொல்லிப்போட்டு, கடைசியா எனக்கு," என்றாள் மகள். சத்தமாகச் சொல்லவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தப் பிள்ளை தன்னை ஏமாற்றியதாக நினைத்தது அம்மாவைத்தான். அதைத்தான் என்னால் இன்றும் செரித்துக்கொள்ள முடியவில்லை.

அன்று பின்னேரம் மழைக்குள் குடை பிடித்துக்கொண்டு நண்பன் வீட்டுக்குப் போனேன். சான்றிதழுக்குக் கீழே உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து, அதே வாவிக்கரை முகத்தோடு, தோளைப் பிடிக்கக் கை நீட்டினான். நான் தோளை நகர்த்தினேன்.

"புதன்கிழமை என்னடா செஞ்ச?"

"ஜெபிச்சன். ஏன் மச்சான்?"

"ஆரைக் கேட்டு?"

"பேர் சொல்லல்லடா. ஒரு இடத்திலயும் பேர் சொல்லல்ல. நீ வேணும் எண்டா கேட்டுப் பார்."

"பேர் ஒண்டுதான் மிச்சம் விட்ட. ஆண்டவருக்கு எங்கட வீடு தெரியாதா? நாவற்குடா எண்டு விலாசம் குடுக்கணுமா? இடமா வலமா எண்டு அவருக்கு நீயா சொல்லணும்?"

அவன் உண்மையாகவே குழம்பிப்போனான். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "நான் சனத்துக்கிட்டச் சொல்லல்லையே மச்சான். ஆண்டவருக்கிட்டத்தானே சொன்னன்," என்றான்.

"சனம் பக்கத்தில இரிந்திச்சே."

"கூடி ஜெபிச்சா பலம் தானே. நான் தனியா ஜெபிச்சுப் பாத்தன். மனசு ஆறல்ல. தாங்க ஏலாமப் போச்சு."

அவ்வளவுதான் விடயம். நான் சுமக்க முடியாமல் அவனிடம் கொடுத்தேன். அவன் சுமக்க முடியாமல் கூட்டத்தில் இறக்கினான். கூட்டம் அதை டின்களாக எங்கள் மேசைக்கே திருப்பிக் கொண்டு வந்து சேர்த்தது.

"உன்ட பேச்சில கடைசிப் பிழை என்ன?" என்று கேட்டேன். "பையில போட்டும் கொண்டு போகக்கூடாது எண்டு சொன்னது ஆரு?"

அவன் கண்ணை மூடினான். "ஆண்டவரே," என்று தொடங்கினான். "இந்தச் சகோதரன்ட மனசில இரிக்கிற கசப்ப எடுத்துப் போடும். இவர மன்னிக்கிற இருதயத்த எனக்குத் தாரும்..."

நான் கண்ணை மூடவில்லை. ஆகவே நடுவில் அவன் ஒரு கண்ணைத் திறந்து, நான் மூடியிருக்கிறேனா என்று பார்த்ததையும் பார்த்தேன். ஆமென்னுக்குக் காத்திராமல் குடையை மறந்துவிட்டு வந்தேன். அந்தக் குடை இன்னும் அங்கேதான் இருக்கிறது. போய்க் கேட்டால் மன்னிக்கப்பட்டுவிடுவேனோ என்று பயம்.

பரீட்சை முடிந்தது. கடைசி நாள் பின்னேரம் மனைவி மகளைக் கடற்கரைக்குக் கூப்பிட்டாள். "அங்க போய் என்ன செய்யிற?" என்றாள் மகள். பிறகு, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, உடுப்பு மாற்றிக்கொண்டு போனாள். ஐஸ்கிறீம் சாப்பிட்டார்களாம். பேசவில்லையாம். பேச வைத்திருந்ததுதான் முடிந்துவிட்டதே.

ஒப்பரேசனுக்குப் போக வேண்டிய காலையில் ஒழுங்கையெல்லாம் வெள்ளம். ஓட்டோக்காரர் வரமாட்டேன் என்றுவிட்டார். நான் கைப்பேசியை வைத்துக்கொண்டு முழித்தேன்.

"அண்ணனக் கூப்பிடுங்க," என்றாள் மனைவி.

"அவனையா?"

"கார் பாவம், அது என்ன செஞ்சது?"

வந்தான். சொன்ன நேரத்துக்கு முன்னரே வந்தான். கார் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஊர்ந்தது. பிரதான வீதிக்கு ஏறியதும் அவன் தொண்டையைச் செருமினான். "தங்கச்சி, போறதுக்கு முதல் ஒரு சின்ன ஜெபம்..."

"அண்ணன், ரோட்டப் பாருங்க," என்றாள் மனைவி.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அவனிடம் நன்றியும் சொன்னாள். "நீங்க வெளியில இரிங்க. எனக்காக ஒண்டும் கேக்க வேணாம். ஆரும் கேட்டா, பார்க்கிங்குக்கு இடம் தேடி வந்த எண்டு சொல்லுங்க." அன்று முழுக்க அவன் வெளி வாங்கில் இருந்தான். பகல் எனக்குச் சோற்றுப் பார்சல் வாங்கி வந்தான். மீன் பொரியல் போட்டு, எனக்குப் பிடித்தபடி. தின்றேன். பசி ஒரு வெட்கம் கெட்ட சாமான்.

மனைவி தேறி வருகிறாள். கிளினிக் போகிறாள், மருந்து எடுக்கிறாள், என்னோடு சண்டை பிடிக்கிறாள். மகளுக்கு இரசாயனவியலில் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. மோல்ட் டின்னால்தான் என்று எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்க முடியாது. திரும்ப எழுதப்போகிறாள். முன்பெல்லாம் பள்ளியில் நடந்ததை வந்து அம்மாவிடம் கொட்டுவாள். இப்போது ஏதாவது கேட்டால், "உங்களுக்குப் பிறகு சொல்றன்," என்கிறாள். மனைவிக்கு அது தையல் போட்ட இடத்தைவிட அதிகம் வலிக்கிறது. சொல்லமாட்டாள். ஆனால் தெரியும்.

போன மாதம் சபையில் அவன் அதே பேச்சை மறுபடி பேசினான். என் உதாரணங்களுக்கு அதே சிரிப்பு. கடைசிப் பிழையையும் விடவில்லை. அதே வார்த்தைகள், அதே அமைதி. நான் பின்வரிசை வாங்கில் இருந்தேன். அவன் என் பக்கம் பார்க்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். நாளைக்கு அவள் தன் கதையை அவனிடம் கொண்டுபோவாள் என்று தோன்றியது.

சபை மலருக்கு ஆறுதல் சொல்வதில் வரும் பிழைகளைப் பற்றி நகைச்சுவையாக ஏதாவது தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். இதை எழுதி, அனுப்பும் முன் மனைவியிடம் கொடுத்தேன். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு மோல்ட் குடித்தபடி கடைசிவரை வாசித்தாள். டின்கள் இன்னும் முடியவில்லை.

"அண்ணனுக்கு விளங்கிரும்," என்றாள்.

"பேர் போடல்லையே," என்றேன்.

கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுதினால் இன்னொரு கட்டுரை வரும். தாள்களை அடுக்கி என்னிடம் நீட்டினாள்.

"காரின்ட நிறத்த விட்டுட்டீங்க," என்றாள். "அதையும் போடுங்க. சபையில ஒருத்தருக்கும் சந்தேகம் வரக்கூடாது."

சிவப்பு.